பெரிய ஹவுசிங் போட்டால் வண்டி பறக்குமா?

டர்போ வண்டிக்கு இன்னும் வேகம் வேண்டும் என்று யார் போய்க் கேட்டாலும் கிடைக்கிற முதல் பதில் ஒன்றுதான்: “எக்ஸாஸ்ட் ஹவுசிங்கைப் பெரிசு பண்ணுங்க.” விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சாலையோர ஷெட்டில் கேட்டாலும் இதே பதில். பந்தய வண்டி தயார் செய்யும் பட்டறையில் கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில். கம்பெனி போட்டு அனுப்பிய ஹவுசிங் சின்னது, அது இன்ஜினின் மூச்சை அடைக்கிறது, பெரிசு போட்டால் புகை தாராளமாக வெளியேறும், பவர் தானாக ஏறும் என்று காரணமும் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதனாலேயே யாரும் அதைத் திருப்பிக் கேட்பதில்லை.

இந்தக் கருத்து தவறானது. பாதி உண்மையை எடுத்துக்கொண்டு முழு முடிவைச் சொல்கிற கருத்து இது. இதை நம்பி நல்ல வண்டிகளைக் கெடுத்துக்கொண்ட இளைஞர்கள் நம் மாவட்டத்தில் பலர். ஹவுசிங்கின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது, இன்ஜின் உச்சத்தில் எத்தனை எச்பி காட்டும் என்பது அல்ல. அது எந்த ஆர்பிஎம்மில் உழைக்கப்போகிறது என்பதுதான். அந்த ஆர்பிஎம் வருவதற்குள் பூஸ்ட்டை (டர்போ உள்ளே திணிக்கும் கூடுதல் காற்றழுத்தத்தை) கட்டித் தரக்கூடிய ஹவுசிங்குகள் எவையெவை என்று முதலில் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு அவற்றுக்குள் பெரியது எதுவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பெரியதை முதலில் வாங்கிவிட்டுப் பூஸ்ட் எப்போது வரும் என்று பிறகு காத்திருப்பதுதான் இன்றைய பழக்கம்.

ஹவுசிங் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் அந்த வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் சிலிண்டரிலிருந்து வரும் சூடான வாயு நுழைந்து, சுருளுக்குள் குறுகிக்கொண்டே போய், நடுவிலிருக்கும் டர்பைன் சக்கரத்தின் மேல் பாய்கிறது. சுருளின் குறுக்குவெட்டுப் பரப்பை, அந்தப் பரப்பின் மையம் சக்கரத்தின் அச்சிலிருந்து இருக்கும் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் ‘ஏ பை ஆர்’ என்று எல்லோரும் சொல்லும் எண். எண் சிறிதானால் வாயு வேகமாகவும் சக்கரத்தின் விளிம்பை ஒட்டியும் பாயும். கொஞ்சம் வாயு இருந்தாலே சக்கரம் சுற்றத் தொடங்கிவிடும். எண் பெரிதானால் வாயு மெதுவாகவும் மையத்தை நோக்கியும் நுழையும். அதே சக்கரத்தை அதே வேகத்தில் சுற்ற அதிக வாயு வேண்டும். ஆனால் இன்ஜின் உச்ச ஆர்பிஎம்முக்குப் போகும்போது அந்தப் பெரிய வாய் தடையில்லாமல் வழி விடும்.

ஆக, ஒரு பக்கம் சீக்கிரம் கிடைக்கும் இழுவை, இன்னொரு பக்கம் உச்சத்தில் கிடைக்கும் பவர். நிலையான ஹவுசிங்கில் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். பெரிய ஹவுசிங்காரர்கள் கூடுவதை மட்டும் சொல்லிவிட்டுக் குறைவதை ‘கொஞ்சம் லேக் (பூஸ்ட் எழுவதில் தாமதம்) இருக்கும்’ என்று ஒரு வார்த்தையில் கடந்துவிடுகிறார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் காற்று 40 டிகிரியில் இருக்கிறது. பூஸ்ட் இன்னும் வராத நிலையில் 3000 ஆர்பிஎம்மில் அது ஒரு விநாடிக்கு இழுக்கும் காற்று சுமார் 50 கிராம். அதே இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில், ஒரு பார் பூஸ்ட்டோடு, இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்றை இழுக்கும்போது விநாடிக்குச் சுமார் 190 கிராம். ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரே ஹவுசிங் இந்த 50 கிராமுக்கும் பதில் சொல்ல வேண்டும், 190 கிராமுக்கும் பதில் சொல்ல வேண்டும். 190 கிராமை மட்டும் மனத்தில் வைத்து ஹவுசிங் எடுத்தவர், 50 கிராமில் அந்தச் சக்கரம் சும்மா உருண்டுகொண்டிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார். இதில் நம் ஊர் வெயிலும் சேர்கிறது. 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்று சுமார் 8 சதவீதம் அடர்த்தி குறைந்தது. குளிர்நாட்டில் ஓட்டிப் பார்த்தவர் பரிந்துரைத்த ஹவுசிங் நம் ஊரில் இன்னும் தாமதமாகத்தான் எழும்.

இப்போது எங்கள் ஊரான கண்டாச்சிபுரத்தின் கடைத்தெருவுக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து காணை, கெடார் வழியாக வேட்டவலம், திருவண்ணாமலை போகிற சாலை அது. அந்தச் சாலையில் மூன்று வகை டர்போ இன்ஜின்களைப் பார்க்கலாம். ஒன்று, திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து வந்து கருங்கல் பாறையில் துளை போடும் போர் வண்டியின் கம்ப்ரசர் இன்ஜின். கவர்னர் பிடித்து வைத்த ஒரே ஆர்பிஎம்மில், பெரும்பாலும் ஒரே சுமையில், மணிக்கணக்காக ஓடும். இரண்டாவது, முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு டிரெய்லர் இழுக்கும் டர்போ டிராக்டரும், ஜல்லி ஏற்றிய லாரியும். நின்ற இடத்திலிருந்து டன் கணக்கான சுமையை இழுத்துக் கிளம்ப வேண்டிய இன்ஜின்கள். மூன்றாவது, வாடகைக்கும் வீட்டுக்கும் ஓடும் டீசல் காரும், அதைப் பந்தய வண்டியாக்கத் துடிக்கும் இளைஞரின் பெட்ரோல் காரும்.

கம்ப்ரசர் இன்ஜினுக்கு ஒரே புள்ளியில் வேலை. அந்தப் புள்ளியில் தடை குறைவாக இருந்தால் டீசல் மிச்சம். ஆகவே அங்கே தாராளமான ஹவுசிங் நியாயம். கரும்பு டிராக்டருக்கு அதே தாராளத்தைக் கொடுத்தால் கிளட்ச் விட்டதும் கரும்புகை கக்கிக்கொண்டு திணறும். ஒரே ஊர், ஒரே டீசல், ஒரே வெயில். வேலை மட்டும் வேறு. வேலை மாறினால் ஹவுசிங் மாற வேண்டும். ‘பெரிசுதான் நல்லது’ என்ற ஒற்றை வாக்கியம் இந்த மூன்றுக்கும் எப்படிப் பொருந்தும்?

டர்போவின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற இந்தச் சாதனம் முதலில் வெற்றி பெற்றது கப்பலின் டீசல் இன்ஜின்களில். கப்பல் இன்ஜின் மணிக்கணக்காக ஒரே சுமையில் ஓடும். எங்கள் ஊர் கம்ப்ரசர் இன்ஜினின் நிலைமைதான் அதற்கும். லேக் என்ற பேச்சே அங்கே பெரிதாக எழவில்லை. டர்போ கார்களுக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. காரின் ஆர்பிஎம் ஏறும், இறங்கும், கியருக்குக் கியர் விழும்.

1973இல் பிஎம்டபிள்யூ 2002 டர்போ வந்தது. 2 லிட்டர், 170 எச்பி. அதன் உச்ச இழுவை 4000 ஆர்பிஎம்மில். அதுவரை சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென்று பாயும் வண்டி என்று அது பெயர் வாங்கியது. எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1,672 கார்களோடு உற்பத்தி முடிந்தது. 1977இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் சாப் நிறுவனம் 99 டர்போவைக் காட்டியது. அதுவும் 2 லிட்டர்தான். ஆனால் சாப் பொறியாளர்கள் உச்ச எண்ணைத் துரத்தவில்லை. சிறிய டர்போவைப் போட்டு, பூஸ்ட் அளவு மீறாமல் வேஸ்ட்கேட் வழியாக மிச்ச வாயுவை வெளியேற்றினார்கள். உச்ச பவர் 145 எச்பி மட்டுமே. ஆனால் உச்ச இழுவை 3000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிட்டது. காகிதத்தில் 25 எச்பி குறைந்த அந்தக் கார்தான் டர்போவை அன்றாடக் காருக்குரிய பொருளாக்கியது. இன்று சாலையில் ஓடும் டர்போ பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகின்றன: சீக்கிரம் எழும் சிறிய டர்பைன், மிச்சத்தைக் கவனிக்க வேஸ்ட்கேட்.

“அது வீட்டுக் கார், நாங்கள் பேசுவது பந்தய இன்ஜின்” என்று மறுப்பு வரும். பந்தயத்துக்கே போவோம். 1977 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் ரெனோ முதன்முதலாக ஃபார்முலா ஒன்னுக்கு டர்போ காரைக் கொண்டுவந்தது. 1.5 லிட்டர் வி6 இன்ஜினுக்கு ஒரே ஒரு பெரிய கேரட் டர்போ. பவர் இருந்தது; ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்த பிறகு காத்திருக்க வேண்டியிருந்தது. 1979இல் அதே ரெனோ அந்த ஒற்றை டர்போவைக் கழற்றிவிட்டு, மூன்று சிலிண்டருக்கு ஒன்று வீதம் இரண்டு சிறிய கேகேகே டர்போக்களைப் பொருத்தியது. அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி டிஜோனில் ழான்-பியர் ழபூய் வென்றார். ஃபார்முலா ஒன்னில் டர்போ காரின் முதல் வெற்றி அது. அந்த வெற்றிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் பந்தயத்தின் உச்சியில் இருந்தவர்கள் தங்கள் பிரச்சினைக்குக் கண்ட தீர்வு, ஒவ்வொரு டர்பைனையும் சிறிதாக்குவது. இதை ‘பந்தயம் என்றாலே பெரிசு’ என்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

நம் பந்தயத் தடங்களுக்கும் இதே கதைதான். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த தடம் 3.7 கிலோமீட்டர் நீளம். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர். இரண்டுமே வளைவுகள் நிறைந்தவை. இப்படிப்பட்ட தடத்தில் இரண்டு கார்கள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 260 எச்பி, முழு பூஸ்ட் 5000 ஆர்பிஎம்மில். இன்னொன்றுக்கு 230 எச்பி, முழு பூஸ்ட் 3300இல். இரண்டும் மெதுவான வளைவிலிருந்து 3500 ஆர்பிஎம்மில் வெளியே வருகின்றன. இரண்டாவது காருக்கு மிதித்த உடனே முழு இழுவை. முதல் கார் 5000 வரும்வரை ஏறக்குறைய டர்போ இல்லாத இன்ஜினாகத்தான் போகிறது. நேர்பாதையின் கடைசியில் அது விட்டதைப் பிடிக்கலாம். ஆனால் அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அங்கே மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வளைவுதோறும் இழப்பதை ஒரே நேர்பாதையில் மீட்க முடியாது.

இவ்வளவு தெளிவான விஷயம் ஏன் ஏற்கப்படுவதில்லை? டைனோ, அதாவது பவர் அளக்கும் கருவி, தரும் காகிதத்தில் எல்லோரும் தேடுவது ஒரே ஒரு எண்ணை என்பதால்தான். உச்ச எச்பி எவ்வளவு என்று கேட்டுவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த உச்சம் 6200 ஆர்பிஎம்மில் சில நொடிகளுக்கு மட்டும் வரக்கூடியது. வண்டி ஓடும் நேரத்தில் பெரும்பகுதி அதற்குக் கீழேதான் கழிகிறது. 6500இல் கியர் மாற்றினால் அடுத்த கியரில் ஆர்பிஎம் 4400 அளவுக்கு விழும். ஆகவே பார்க்க வேண்டியது 4400 முதல் 6500 வரை கோட்டுக்குக் கீழே இருக்கும் முழுப் பரப்பு. வளைவுகள் உள்ள தடமானால் 3000இலிருந்தே பார்க்க வேண்டும். சாலையில் ஓடும் வண்டியானால் 1500இலிருந்து. உச்சத்தில் 20 எச்பி கூடி, கீழே 1000 ஆர்பிஎம் முழுக்க இழுவை போய்விட்டால் வண்டி மெதுவாகிவிட்டது என்றுதான் பொருள். காகிதம் என்ன சொன்னாலும் சரி.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் பின்னழுத்தத்தைப் பற்றியது. அதை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். சின்ன ஹவுசிங் அதிக ஆர்பிஎம்மில் வாயுவைத் தேக்குகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறுகிறது. பிஸ்டன் அந்த அழுத்தத்தை எதிர்த்துப் புகையைத் தள்ள வேண்டியிருக்கிறது. எரிந்த வாயு கொஞ்சம் சிலிண்டருக்குள்ளேயே தங்கி அடுத்த சுற்றைச் சூடாக்குகிறது. பெட்ரோல் இன்ஜினில் நாக்கிங் வருகிறது. இது முழுவதும் உண்மை. ஆனால் இதிலிருந்து ‘பின்னழுத்தமே கூடாது’ என்று தாண்டிப்போவதுதான் பிழை. டர்பைனுக்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான், வாயுவின் வெப்பத்தோடு சேர்ந்து, சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்த வித்தியாசம் இல்லாவிட்டால் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. பின்னழுத்தம் இல்லாத டர்போ என்பது பூஸ்ட் இல்லாத டர்போ. சைலன்சர் பக்கம், அதாவது டர்பைனுக்குப் பிறகு, தடையை எவ்வளவு குறைத்தாலும் நல்லது. டர்பைனுக்கு முன்னால் அப்படி அல்ல. இந்த இரண்டு பக்கங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் இந்த நம்பிக்கையின் வேர்.

கேட்க வேண்டிய கேள்வி, பின்னழுத்தம் உண்டா இல்லையா என்பதல்ல. எவ்வளவு என்பதுதான். அதை அளந்து பார்க்கலாம். மேனிஃபோல்டில் ஒரு சின்னத் துளை போட்டு மரை எடுத்து, அதிலிருந்து ஒரு மீட்டர் நீளத்துக்கு உலோகக் குழாயைச் சுருட்டி, வாயு ஆறிய பிறகு ஒரு சாதாரண அழுத்தமானியில் இணைத்தால் போதும். பெரிய செலவில்லை. பூஸ்ட் ஒரு பார் இருக்கும்போது டர்பைனுக்கு முன் அழுத்தம் ஒன்றரை பார் வரை இருந்தால், தெருவிலும் தடத்திலும் ஓடும் இன்ஜினுக்கு அது நல்ல நிலை. உச்ச ஆர்பிஎம்மில் இரண்டு பாரைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஹவுசிங் உண்மையிலேயே சிறிது. மாற்றுங்கள், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்த அளவீட்டைச் செய்து பார்த்துவிட்டு ஹவுசிங் மாற்றுகிறவர்கள் அரிது. அளக்காமலேயே ‘அடைக்கிறது’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நோயாளியைப் பார்க்காமல் அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிற வைத்தியரை நாம் நம்புவோமா?

அடுத்த வாதம்: “பால் பேரிங் டர்போ போட்டுவிட்டால் லேக் போய்விடும், மிச்சத்தை ரீமேப் பார்த்துக்கொள்ளும்.” பால் பேரிங் அச்சின் உராய்வைக் குறைக்கிறது, அதனால் டர்போ சற்று முன்னதாக எழுகிறது. உண்மைதான். ஆனால் சக்கரத்தின் எடையால் வரும் நிலைமத்தை அது குறைப்பதில்லை. ஒரே வடிவச் சக்கரத்தை விட்டத்தில் 10 சதவீதம் பெரிதாக்கினால் நிலைமம் சுமார் 60 சதவீதம் கூடுகிறது. ஹவுசிங்குக்கு வேண்டிய வாயுவையும் பேரிங் உண்டாக்கிக் கொடுக்காது. ரீமேப்பின் கதையும் இதுதான். இன்ஜினுக்குள் வராத காற்றை எந்த மென்பொருளும் வரவழைக்க முடியாது. வராத காற்றுக்கு டீசலைக் கூட்டினால் வருவது கரும்புகை.

அந்தக் கரும்புகையைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். நம் பக்கம் டீசல் கார்களை மாற்றியமைப்பவர்கள் சிலர், மிதித்ததும் பின்னால் எழும் கரும்புகையைப் பவரின் அடையாளமாகவே காட்டுகிறார்கள். அது முழுமையாக எரியாத டீசல். காற்று வருவதற்கு முன்பே எரிபொருள் வந்துவிட்டது என்பதற்கான சாட்சி. பெரிய ஹவுசிங் பொருத்தி, பம்பு அளவையும் கூட்டிய வண்டியில் பூஸ்ட் வரும்வரை இதுதான் நடக்கும். கலவை கெட்டியாகும், எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும், பிஸ்டனும் டர்பைனும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும். ‘சின்ன ஹவுசிங் சூடாக்கும்’ என்று எச்சரிப்பவர்கள், சுமையோடு குறைந்த ஆர்பிஎம்மில் இழுக்கும் டீசலைச் சூடாக்குவது பெரிய ஹவுசிங்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னால் இருசக்கர வாகனத்தில் வருகிறவரின் நெஞ்சுக்குள் போகிற அந்தப் புகையில் பெருமைப்பட எதுவும் இல்லை.

கம்பெனிக்காரர்கள் கஞ்சத்தனத்தால்தான் சின்ன ஹவுசிங் போடுகிறார்கள் என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. நம் சாலைகளில் ஏராளமாக ஓடும் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்டில் வந்த நிலையான ஹவுசிங் டர்போவோடு அதற்கு 75 எச்பி. உச்ச இழுவை 190 நியூட்டன் மீட்டர், 2000 ஆர்பிஎம்மில். அதே இன்ஜினுக்கு எர்டிகா போன்ற கார்களில் விஜிடி டர்போ போட்டபோது 90 எச்பி; இழுவை 200 நியூட்டன் மீட்டர், அதுவும் 1750 ஆர்பிஎம்மிலேயே. விஜிடி என்ன செய்கிறது? டர்பைன் சக்கரத்தைச் சுற்றி அசையும் இதழ்களை வைத்து, ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது வழியைக் குறுக்கிச் சின்ன ஹவுசிங்காகவும், ஏறும்போது விரித்துப் பெரிய ஹவுசிங்காகவும் ஒரே ஹவுசிங்கை நடக்க வைக்கிறது. பெரிசு மட்டும் போதும் என்றால் இத்தனை இதழ்களுக்கும் அவற்றை அசைக்கும் பொறிக்கும் யார் காசைக் கொட்டுவார்கள்? வாய் பெரிதாக ஒரு வார்ப்பு வார்த்தால் வேலை முடிந்துவிடுமே. உச்சத்தில் 15 எச்பி கூட்டியவர்கள் அடியில் 250 ஆர்பிஎம் முன்னதாக இழுவையைக் கொண்டுவரவும் காசு செலவழித்திருக்கிறார்கள் என்றால், அடி இழுவையின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பெரிய ஹவுசிங்குக்கு உரிய இடத்தை நான் மறுக்கவில்லை. 402 மீட்டர் டிராக் பந்தயத்துக்கு மட்டுமே கட்டிய வண்டி, கிளம்பும்போதே ஆர்பிஎம்மை ஏற்றிப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறது. கியர் மாற்றும்போதும் அது பூஸ்ட் எல்லைக்குக் கீழே விழுவதில்லை. அங்கே உச்சமே எல்லாம். போர் வண்டிக் கம்ப்ரசரையும் முன்பே சொன்னேன். நான்கு சிலிண்டர் இன்ஜினில் 1, 4 ஒரு வழியிலும் 2, 3 ஒரு வழியிலும் போகும்படி பிரித்த ட்வின் ஸ்க்ரோல் ஹவுசிங் போட்டால் ஒரு சிலிண்டரின் வாயுத் துடிப்பு இன்னொன்றைக் கெடுக்காது. அப்போது சற்றுப் பெரிய அளவையும் அடி இழுவை போகாமல் எடுத்துக்கொள்ள முடியும். இவையெல்லாம் இன்ஜினின் வேலையைப் பார்த்து எடுத்த முடிவுகள். ஆகவே இவை என் வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். ‘அவன் 0.82 போட்டிருக்கான், நீ 0.63தானா?’ என்று எண்ணை வைத்துப் போட்டி போடுகிறார்கள். ஏ பை ஆர் எண்ணை ஒரே சக்கரக் குடும்பத்துக்குள்தான் ஒப்பிடலாம். கேரட்டின் ஜிடி28 டர்பைன் சக்கரம் 53.9 மில்லிமீட்டர், ஜிடி30 சக்கரம் 60 மில்லிமீட்டர். முதலாவதுக்கு 0.64 ஹவுசிங்கும் இரண்டாவதுக்கு 0.63 ஹவுசிங்கும் இருந்தால் எண்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இரண்டும் விடும் வாயுவின் அளவு ஒன்றல்ல. ஹோல்செட் போன்றவர்கள் ஹவுசிங்கை 12, 14, 16 என்று சதுர சென்டிமீட்டரில்தான் சொல்கிறார்கள். வேறு வேறு கம்பெனிகளின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பெரிசு சிறிசு பேசுவதில் பொருளே இல்லை. எண்ணே தனியாக எதையும் சொல்லாதபோது, பெரிய எண் நல்லது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் இன்ஜின் உழைக்கப்போகும் ஆர்பிஎம் எல்லைகளை எழுதுங்கள். கீழ் எல்லையை ஆசைப்படி எழுதாதீர்கள். தடத்தின் மிக மெதுவான வளைவில் எந்தக் கியரில் எந்த ஆர்பிஎம்மில் வெளியே வருகிறது என்று பார்த்து எழுதுங்கள். இரண்டாவது, அந்தக் கீழ் எல்லையிலும் மேல் எல்லையிலும் இன்ஜின் இழுக்கும் காற்றைக் கணக்கிடுங்கள். மேலே போட்டுக்காட்டிய கணக்குதான், ஒரு கால்குலேட்டர் போதும். மூன்றாவது, டர்போ தயாரிப்பாளர் ஒவ்வொரு ஹவுசிங்குக்கும் வெளியிடும் டர்பைன் வரைபடத்தில் அந்த அளவுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். கீழ் எல்லையில் பூஸ்ட் கட்டாத ஹவுசிங்குகளை அடித்துவிடுங்கள். மிச்சமிருப்பவற்றில் பெரியதை எடுங்கள். நான்காவது, பொருத்திய பிறகு டர்பைனுக்கு முன் அழுத்தத்தை அளந்து, எடுத்த முடிவு சரியா என்று சரிபாருங்கள். இந்த நான்கில் ஒன்றைக்கூட விடாமல் செய்த ஒருவர் முடிவில் பெரிய ஹவுசிங்கைத்தான் எடுத்தார் என்றால், அவரோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

கார்களில் ஹவுசிங் மாற்றுவதெல்லாம் தடத்துக்கான பேச்சு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. திண்டிவனம்–விழுப்புரம் நான்குவழிச் சாலை யாருடைய டைனோவும் அல்ல. அந்தச் சாலையில் கம்பெனி ஹவுசிங்கோடு ஓடும் வண்டி 2000 ஆர்பிஎம்மில் மிதித்ததும் இழுக்கிறது. லாரியைத் தாண்டும்போது வேண்டியது அந்த இழுவைதான். அதைக் கழற்றிவிட்டு 4500க்குப் பிறகு எழும் ஹவுசிங்கைப் போட்டவர், தாண்டலாம் என்று நம்பி பக்கத்துப் பாதையில் ஏறி, பூஸ்ட்டுக்காகக் காத்துக்கொண்டிருப்பார். ஒற்றைப் பாதையான எங்கள் கண்டாச்சிபுரம் சாலையில் அந்தக் காத்திருப்பு உயிர் பற்றிய விஷயம்.

ஹவுசிங் விற்பவரிடமும் பொருத்துபவரிடமும் இரண்டே கேள்விகள் கேளுங்கள். என் இன்ஜினில் முழு பூஸ்ட் எந்த ஆர்பிஎம்மில் வரும்? உச்ச ஆர்பிஎம்மில் டர்பைனுக்கு முன் அழுத்தம் எவ்வளவு இருக்கும்? இரண்டுக்கும் எண்ணோடு பதில் சொல்பவர் உங்கள் இன்ஜினைப் பற்றி யோசித்திருக்கிறார். அவர் சின்னது சொன்னாலும் பெரிது சொன்னாலும் கேட்கலாம். ‘பெரிசு போடுங்க, பவர் வரும்’ என்று மட்டும் சொல்பவருக்கு உங்கள் இன்ஜினைப் பற்றி எதுவும் தெரியாது. அவரிடம் காசு கொடுக்காதீர்கள்.